எட்டாம் நம்பர் வீட்டு ஓட்டு

எங்க அக்கா வீட்டு வாசல்லதான் மூணு வருஷமா கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெரிய ஸ்டார் தொங்குது. உள்ளதைச் சொல்றேனே, எனக்கு வயிறு எரியுது.

எங்க தெருவுல பதினொரு வீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் லைட் போட்டுட்டு, வீட்டுக்கு ஒரு ஓட்டு போடணும். சொந்த வீட்டுக்குப் போடக்கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். ஜெயிக்கிற வீட்டு வாசல்ல தெருவுக்குப் பொதுவான ஸ்டாரைக் கட்டுவாங்க. புது வருஷம் வரைக்கும் போறவங்க வர்றவங்க எல்லாம் அங்க நின்னுதான் போட்டோ எடுப்பாங்க. நான் இந்தத் தெருவுக்கு வந்து பதினாறு வருஷம். ஒரு தடவைகூட அது என் வாசலுக்கு வந்ததில்ல. அக்கா எதிர் வீட்டுக்குக் குடிவந்தே நாலு வருஷம்தான் ஆச்சு.

சின்ன வயசுலயும் இதே கதைதான். ஒரே துணியில ரெண்டு பேருக்கும் கவுன் தைச்சாலும் அவளுக்குத்தான் எடுப்பா இருக்கும். அதுக்கு அவ என்னடி பண்ணுவான்னு அம்மா என்னைத்தான் திட்டுவாங்க.

இந்த வருஷம் விடக்கூடாதுன்னு, வேலை பாக்கிற மருந்துக்கடையில நாலு நாள் லீவு போட்டேன். கூரை, ஜன்னல், கேட்டுன்னு ஒரு இடம் விடாம சீரியல் லைட் கட்டினோம். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, "வீடு கட்டினப்பகூட நீ இந்தப் பாடு படலையே"ன்னார். அந்த ஏணியும் அக்காவோடது. அவளே தூக்கிட்டு வந்து சாத்திட்டு, "நீ ஏறாத, உனக்குத் தலை சுத்தும்"னு சொல்லிட்டுப் போனா. அவ அக்கறையாப் பேசினா எனக்கு இன்னும் எரிச்சலா வரும்.

ஆறு மணிக்கு அவ வீட்டுல சுவிட்சைப் போட்டாங்க. வெறும் வெள்ளை லைட்தான், கண்ணை எடுக்க முடியல. எதிர்ல என் வீடு கலர் கலரா மினுக்கிக்கிட்டு நின்னுச்சு. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஓட்டுச் சீட்டுல எட்டுன்னு அவ வீட்டு நம்பரை எழுதக் கை வரல. வேற நல்ல வீட்டுக்குப் போட்டா அது என்னை முந்திடும். கடைசியில இருக்கிற தையல்காரர் வீட்டைப் பாத்தேன். ஜன்னல்ல ஒரே ஒரு சரம், அதுலயும் பாதி எரியல. அவராவது ஜெயிக்கிறதாவதுன்னு, பதினொண்ணுன்னு எழுதி பிஸ்கட் டப்பாவுல போட்டுட்டேன்.

ஒண்ணாம் நம்பர் தபால்கார மாமா ஒவ்வொரு சீட்டாப் பிரிச்சு, சத்தமாப் படிச்சு, போர்டுல எழுதினார். பதினொண்ணு. பதினொண்ணு. மறுபடியும் பதினொண்ணு. யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. தெருவுக்கே என் புத்திதான் போல.

கடைசியில தையல்காரருக்கு ஒன்பது ஓட்டு. தபால்கார மாமா வீட்டுக்கு ஒண்ணு, அது தன்னோடதுன்னு தையல்காரரே சொன்னார். ஏழாம் நம்பருக்கு ஒண்ணு, அது என் வீடு. எட்டுக்கு நேரா முட்டை.

"பாதி பல்பு எரியலைங்களே"ன்னு தையல்காரர் திருதிருன்னு முழிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுக்கிட்டே என் பக்கத்துல வந்தா.

"எனக்கு உன் வீடுதான்டி புடிச்சுது. உனக்குத்தான் போட்டேன்."

யோசிக்கிறதுக்குள்ள என் வாய் முந்திக்கிச்சு. "நானும் உனக்குத்தான்க்கா போட்டேன்."

அவ போர்டுல இருந்த முட்டையை ஒரு தடவை பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"ஏணி உன்கிட்டயே இருக்கட்டும். எல்லாத்தையும் கழட்டணும்ல"ன்னு சொல்லிட்டு, ரோட்டைத் தாண்டிப் போயிட்டா.