ஆக்சிலேட்டருக்கு அடியில்

காலையிலிருந்து ஏழாவது முறையாக அவள் கட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் சீரானது. முதலில் வந்தவர்களிடம் அழுகையும் திக்கலுமாகச் சொன்னதை, இப்போது எதிர்வீட்டம்மாவிடம் பிசிறு வெட்டி, காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுத்தாள். தையல்காரிக்கு அதுதானே வரும்.

"ரெண்டு விரல் உசரக் கட்டை. ஆக்சிலேட்டருக்கு அடியில வச்சு ஸ்குரு போட்டுட்டாரு. பாதிக்கு மேல மிதிக்கவே முடியாது. பெட்ரோல் மிச்சமாம். நேத்து நான் மிதிச்சேன், மேல போகல. நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள் எதிர்வீட்டம்மா.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கேட்கும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்தது மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நா வறளும். அடுத்து யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்ப்பாள்.

அவள் கணவரை முன்னறையில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டதன்மேல் கிடத்தியிருந்தார்கள். அவள் தைத்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். வலது கைப்பட்டியில் ஒரு தையல் விட்டிருந்தது. அதை இப்போதுதான் கவனித்தாள்.

தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். மளிகைக் கடை, இரும்புக் கடை, தபால் நிலையம் என்று அலைந்து, ஆடும் முள்ளையெல்லாம் நேராக்கிவிட்டு வருவார். எதையும் எடை போடாமல் விட மாட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சின்னக் காரைப் பழையதாக வாங்கியவர், வாங்கிய வாரமே ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஸ்டெப்னி கட்டிலுக்கு அடியில் போனது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கை, ரேடியோ, சாம்பல் கிண்ணம், தரைவிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கின. மொத்தம் அறுபத்தொரு கிலோ. அன்று சாயங்காலம் அவளையும் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். அவளும் அறுபத்தொன்று.

"இனிமே நீ வண்டியில ஏறினாலும் எடையே இல்ல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கொஞ்சியது அந்த ஒரு தடவைதான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். முன்னிருக்கை போனதால் பின்னால் உட்கார்ந்துதான் போக வேண்டும். தெருவில் அதைப் பார்த்து முதலாளியம்மா என்றார்கள். அதோடு நின்றாரா? காற்று உள்ளே புகாமல் வண்டியின் மூக்கைப் பாதி அட்டையால் அடைத்தார். சக்கரங்களுக்கு அவளுடைய நாலு அலுமினியத் தட்டுகளை மூடியாக்கினார். டயரில் கல்மாதிரி காற்றடித்தார், ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து கணக்குச் சொன்னது. தெருவில் அவருக்கு 'லிட்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "என்ன லிட்டர், இன்னைக்கு எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் கோபமே வராது. புள்ளி வைத்துப் பதில் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் தடவை நெஞ்சு வலித்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓட்டப் பழகினாள். அப்போது வந்ததுதான் கட்டை. மெஷின் மிதித்த கால், வண்டியையும் அப்படித்தான் மிதிக்கும் என்று அவருக்குப் பயம். பழைய தராசுப் பெட்டி ஒன்றை உடைத்து, அந்தக் கருஞ்சிவப்பு மரத்தில் ஒரு துண்டை இழைத்து, ஓரத்தில் பென்சிலால் அளவு எழுதி, பெடலுக்கு அடியில் முடுக்கினார். ஒரே ஒரு தையலில் ஊசியை நிறுத்தத் தெரிந்த கால் அவளுடையது. ரோஷத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

மகன் காலைப் பேருந்தில் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ், கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே என்று சொன்னதை அவனிடமும் அவள் சொன்னாள். கட்டையைப் பற்றியும் சொன்னாள். அவன் முகம் இறுகிவிட்டது.

"தன் தலையில தானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டாரும்மா. ஒரு சொட்டு பெட்ரோலுக்காக. எல்லாம் முடியட்டும், சாயங்காலம் முதல் வேலையா அந்தக் கட்டையப் பிடுங்கி எறியறேன்."

அதற்குப் பிறகு அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், போன் பேசினான். பெஞ்சுப் பக்கம் மட்டும் போகவில்லை. அப்பாவின் முகத்தை அவன் ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத் தட்டிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கோபம் அவர்மேல் போகிறவரை அவள் பக்கம் வராது. இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

ஏழு தடவையிலும் அவள் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று உண்டு.

நேற்று மத்தியானம் கை கழுவப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரரும் அவளுமாக அவரைப் பின்னிருக்கையில் படுக்க வைத்தார்கள். பாலத்து ஏற்றத்தில் ஒரு ஜல்லி லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட ஒரு உந்து வேண்டும். அவள் மிதித்தாள், கால் நின்றது. லாரி நகர நகரப் பின்னாலேயே போனாள்.

"மிதி" என்றார் பின்னாலிருந்து. மூன்று வருடமாக மெதுவா, மெதுவா என்று மட்டுமே சொன்ன மனிதர். "நல்லா மிதி."

"எங்க மிதிக்கிறது? நீங்கதான கட்டைய வச்சு அடைச்சிருக்கீங்க. இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?"

கண்ணாடியில் பார்த்தாள். அவர் ஒரு கையைத் தூக்கி, இல்லை என்பதுபோல் அசைத்தார். வலியில் அசைக்கிறார் என்று நினைத்தாள். கை கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அவர் காதில் கடைசியாக விழுந்தது அவளுடைய ஏச்சுதான்.

மூன்று மணிக்கு அவரைக் கொண்டுபோக வேன் வரும் என்றிருந்தது. கதவை ஒட்டி, வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த தையல் மெஷின் மேஜை வழியை மறித்தது. அதை நகர்த்தாமல் அவரைத் தூக்கித் திருப்ப முடியாது. மகன் ஒரு பக்கமும் கொழுந்தனார் ஒரு பக்கமும் பிடித்தார்கள். பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஊசியிலேயே தொங்கியது. மேஜையைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள்.

சுவரோரம் மேஜையின் பின்கால் இருந்த இடத்தில், தரையில் ஒரு மரத்துண்டு தனியாக இருந்தது. கருஞ்சிவப்பு. நடுவில் இரண்டு ஓட்டை. ஓரத்தில் பென்சில் கோடு.

திரும்பி வந்த கொழுந்தனார் அதைக் காலால் ஒதுக்கப் போனார். "அண்ணி, இது வேணுமா? தூக்கிப் போட்டுடவா?"

"குடுங்க" என்றாள்.

அந்த மேஜை ஒரு வருடம் ஆடியது. துணியை மடித்து வைத்தாள், அட்டையை வைத்தாள். ஊர்த் தராசையெல்லாம் நேராக்குற மனுஷனுக்கு வீட்டு மெஷின் ஆடுறது தெரியாது என்று அவர் காதுபடவே புலம்பினாள். ஒருநாள் காலையில் உட்கார்ந்தபோது ஆடவில்லை. போல்ட்டை முடுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். எப்படி என்று கேட்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அது நாலு மாதத்துக்கு முன்னால்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. கார் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சாவியைக் கேட்டு மகன் கை நீட்டினான்.

"நானே எடுக்கறேன். உனக்கு இந்த வண்டி பழக்கமில்ல."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது. குனிந்து, பெடலுக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன, தூசி அடைத்து. உள்ளங்கையால் பெடலை அழுத்தினாள். எந்தத் தடங்கலும் இல்லாமல் தரைவரை போனது. இன்னொரு தடவை அழுத்தினாள். போனது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கிய நோட்டைப் பிரித்தாள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பொடி எழுத்து. நாலு மாதம் பின்னால் போனாள். அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

'கட்டையை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் மிதிப்பாள். ஒரு மாதம் பார்க்கலாம்.'

அடுத்த மாதம்: 'லிட்டருக்கு இருபத்துநாலு புள்ளி ஆறு. குறையவே இல்லை. கட்டை வேண்டாம். அவள் காலே போதும்.'

கதவுப் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். திறந்தால், அந்த இரண்டு ஸ்குருவும் இருந்தன. சின்ன ஸ்குரு டிரைவரும் அதே பையில். கட்டையைப் பெடலுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. முடுக்க ஒரு நிமிடம் போதும். நோட்டில் ஒரு தாளைக் கிழிக்க அதுகூட ஆகாது. சாயங்காலம் மகன் பிடுங்கி எறிவான். எறிந்துவிட்டு ஆயுசுக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டிருப்பான். இவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. மகன் வந்து கண்ணாடியைத் தட்டினான். "என்னம்மா? முடியலையா?"

கண்ணாடியை இறக்கி, கட்டையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கழட்டிட்டியா?"

"நான் கழட்டல. நாலு மாசமா என் மெஷினுக்கு அடியிலதான் இருந்திருக்கு. அப்பா எப்பவோ எடுத்துட்டாருடா."

"அப்ப நேத்து?"

அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சத்தத்தில் அவன் இன்னும் ஏதோ கேட்டதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். கட்டையைச் சட்டைப்பையில் போடப் பார்த்தான். அது நுழையவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முன்னறைக்குள் போனான்.

கேட்டைத் தாண்டினால் ரோட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். வேன் டிரைவர், வாங்கம்மா வாங்க என்று கையைக் காட்டினான். அவள் கியரைப் போட்டாள். இந்தத் தடவை முழுக்க மிதிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கால் பாதியில் நின்றது. வண்டி எப்போதும்போல அலுங்காமல், மெதுவாக மேட்டில் ஏறியது.