வலை மட்டும் தெளிவு

ஷட்டில் ஆட்டம் என்றாலே ஓசூர் போட்டோ ஸ்டுடியோ தீர்த்தகிரிக்கு இன்றும் தொழிற்சாலை அணிக்கு ஆடிய கெம்பம்மாவின் குரல்தான் காதில் விழும். கல்யாணத்துக்குப் பிறகு ஆட விடமாட்டார்கள், ஆடுகிற படம் ஒன்றாவது வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். தொழிற்சாலை அரங்கில் நடந்த இறுதியாட்டத்துக்கு, புதிதாக வாங்கிய ஆட்டோஃபோகஸ் போர்ட்ரெயிட் லென்ஸோடு போனார். மணமேடையில் அசையாமல் நிற்பவர்களுக்கு அது சரி. இங்கே கிர்ரென்று முன்னும் பின்னும் குவியம் தேடி அது நிலைகொள்வதற்குள் கெம்பம்மா மறுமூலைக்குப் போயிருந்தாள்.

கழுவிய படங்களில் வலை மட்டும் தெளிவு. பின்னால் அவள் வெறும் கலங்கல்.

"தப்பாப் போச்சும்மா. லென்ஸுக்கு நீ சிக்கவே இல்ல."

கெம்பம்மா ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, அவ்ளோ வேகமாவா ஆடுனேன்?" என்று சிரித்தபடி அதையே எடுத்துக்கொண்டாள்.