இடுப்பில் ஒரு சென்சர்

"அப்ப, அவ்வளவு தரமும் நீங்கள் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை. கோயிலுக்குப் போனா நிலத்திலை கிடந்து கும்பிடாமல், ஐயரோடை கதைச்சுப்போட்டே வாறது?"

தர்சிகா சிரித்தாள். சண்முகநாதன் சண்டிலிப்பாயில் இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா விழுந்தால் தனக்கு உடனே தெரியவேண்டும் என்று, கனடாவில் இருக்கும் மகள் சுபாஜினிதான் இந்தச் சின்னப் பெட்டியை வாங்கி அவருடைய இடுப்பில் கட்டவைத்தாள். அதைச் செய்யும் யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனத்தில், உள்ளேயிருக்கும் சென்சரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுகிறவள் தர்சிகா.

அசைவை அளக்கும் அந்தச் சென்சர் எப்போதும் விழித்திருக்கும். பற்றரியை மிச்சம்பிடிக்க மற்றதெல்லாம் உறங்கும். சென்சர் ஓர் அதிர்வைச் சொன்னால், இயங்குதளத்தின் ஆகக் கீழே, கேர்னலுக்குள் இருக்கும் டிரைவர்தான் மற்றவற்றை எழுப்புவதா விடுவதா என்று முடிவெடுக்கும். கெட்ட கனவு கண்டு புரளும் குழந்தையின் நெற்றியில் கைவைத்து, ஒன்றுமில்லை, படு என்று சொல்கிறவளைப்போல அதை அவள் எண்ணிக்கொள்வாள். அது எழுப்பாவிட்டால் மேலே இருக்கும் எந்த மென்பொருளுக்கும் எதுவும் தெரியாது.

வைகாசி முழுவதும் கனடாவுக்கு எச்சரிக்கை போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும், கோயிலில் அட்டாங்க நமஸ்காரம் பண்ணினேன் என்று சண்முகநாதன் மகளுக்குச் சொன்னார். அந்த அதிர்வுகளை மாதிரியாக வைத்து, இப்படி வந்தால் எழுப்பாதே என்று தர்சிகா டிரைவரில் எழுதினாள். எச்சரிக்கைகள் நின்றன. இனி எல்லோருடைய பெட்டிக்கும் அதே டிரைவர்தான் போகவிருந்தது. அதற்கு முன் ஒரு நமஸ்காரத்தை நேரில் பதிந்துகொள்ள வந்திருந்தாள்.

"சாமிப் படத்துக்கு முன்னாலை ஒருக்கால் கும்பிடுங்கோ ஐயா. நான் லப்டொப்பிலை பாக்கிறன்."

"உமக்கு நடிச்சுக் காட்டச் சொல்லுறீர்."

"எனக்கில்லை, சாமிக்குத்தானே."

அவர் கதிரையைப் பிடித்தார். ஒரு முழங்கால், பிறகு மற்றது, பிறகு உள்ளங்கைகள். மெல்ல மெல்ல நெஞ்சு நிலத்தைத் தொட்டது. திரையில் கோடு ஒருமுறை சாய்ந்து, பிறகு காற்றில்லாத நாளின் கடல்போலக் கிடந்தது. அதிர்வென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"இன்னொருக்கால் ஏலுமே?"

"காணும் பிள்ளை. முழங்கால் நோகுது."

தர்சிகா வைகாசிப் பதிவுகளைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அவற்றில் முழங்காலும் இல்லை, கையும் இல்லை. முதலில் உடல் பிடிமானமில்லாமல் விழும் ஒரு கணம். உடனே செங்குத்தாக ஓர் அடி. பிறகு நெடுநேரம் அசைவே இல்லை. எல்லாம் அப்படித்தான். டிரைவர் எழுப்பாமல் ஒதுக்கிய பதிவுகளையும் பார்த்தாள். முந்தாநாளும் ஒன்று இருந்தது.

"முந்தாநாள் எங்கை ஐயா விழுந்தனீங்கள்?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

"குசினியிலை, விடியக்காலமை தேத்தண்ணி வைக்கேக்கை. தலை சுத்தினது. பிறகு எழும்பிட்டன்தானே."

"எவ்வளவு நேரத்தாலை?"

"வெயில் யன்னலுக்கு வரேக்கை எழும்பிட்டன்."

"ஐயா, நீங்கள் சொன்னதை நம்பி உங்கடை விழுகையளைத்தான் நான் கும்பிடுறது எண்டு எழுதி வைச்சிருக்கிறன். உப்பிடியே வெளியிலை விட்டா, ஆர் விழுந்தாலும் ஒருத்தருக்கும் தெரியவராது. இண்டைக்கே மாத்தவேணும்."

"மாத்தினா?"

"நீங்கள் விழுந்தா மகளுக்குத் தெரியும்."

"அவள் அடுத்த பிளேனிலை வந்து வீட்டைப் பூட்டிப்போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாள். போனமுறை ரிக்கெற்றும் பாத்து வைச்சவள். அங்கை ஒரு அறைக்குள்ளை இருந்து நான் என்ன செய்யிறது?"

தர்சிகா மடிக்கணினியைப் பாதி மூடினாள். சண்முகநாதன் இடுப்புப் பட்டியைக் கழற்றி, பெட்டியை அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

"மற்ற ஆக்களின்ரையைத் திருத்தும் பிள்ளை. என்ரையை மட்டும் உப்பிடியே விட்டுவிடும்."