உப்பு ஏறுகிற வரை

லூயிஸ் முதன்முதலில் வந்தது ஒரு மத்தியான வேளையில். கடலூர் முதுநகரில் அன்று காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்த சகாயநாதன் சோற்றில் கை வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேரி, புள்ள நனஞ்சி வந்து நிக்கிறான் பாரு. தல தொவட்டத் துண்டு குடு."

சவரிமேரி திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை.

"எந்தப் புள்ள?"

"நமக்கு எத்தினி புள்ள? லூயிஸ்தான்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. லூயிஸ் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து விசைப்படகில் போனவன், நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் கோயில் பங்குச் சனம் முழுக்கத் தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறைத் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அவள் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றிவிட்டு வருவாள். பிள்ளை செத்ததை எப்படியோ விழுங்கிவிட்டாள். எங்கே கிடக்கிறான் என்பதுதான் தொண்டையிலேயே நின்றது.

பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. துண்டை எடுத்து வந்து வாசலோரத்து நாற்காலியின் மேல் போட்டாள். சாயங்காலம் அதைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. காய்ந்திருந்தால் என்ன செய்வது?

அதற்கு இரண்டு மாதம் முன்பு சகாயநாதனுக்குக் கால் வீங்கியிருந்தது, பிரஷரும் ஏறியிருந்தது. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனுஷன், வாசற்படி ஏறவே மூச்சு வாங்கினார். பக்கத்து டாக்டர் மாத்திரையை மாற்றி, நீர் பிரிகிற மாத்திரை ஒன்றும் சேர்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். குறை என்றால் அடியோடு நிறுத்துகிறவள் சவரிமேரி. உப்பு ஜாடி பரணுக்குப் போனது. கஞ்சியில் ஒரு கல் விழவில்லை. மாத்திரைச் சூட்டுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று தெருவில் யாரோ சொல்ல, செம்பு செம்பாகக் குடிக்க வைத்தாள். வீக்கம் வடிந்தது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவர் எழுந்தால் தள்ளாடினார். செருப்பு காலைவிட்டுக் கழன்றுபோவது தெரியாமல் நடந்தார். எதிரிலிருக்கும் தம்ளருக்குப் பேர் வராமல் திணறினார். வயசாகிறதல்லவா என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

லூயிஸ் தினமும் வர ஆரம்பித்தான். வந்தால் நிற்பான், உட்காரமாட்டான். அவன் பேசுவது சகாயநாதனுக்கு மட்டும்தான் கேட்கும். அவர் கேட்டுச் சொல்வார்.

"குளிருதாம்."

"எங்க இருக்கான்னு கேளுங்க."

சிக்னல் கிடைக்காத போனில் பேசுகிறவரைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். வெகு நேரம் ஆகும்.

"நாளைக்கிச் சொல்றேங்கிறான்."

அந்த நாளைக்காக அவள் யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தாள். மறுநாளும் அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பெலிசியா அண்ணாமலை நகரிலிருந்து வந்தாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு வேணும்மா?" என்றார். எழுந்து நிற்கப் போனவர் அப்படியே சரிந்தார்.

"கார் கூப்புடறேன். செதம்பரம் போயிடலாம்."

"ஒண்ணுமில்லடி. அசதி. தூங்கினா சரியாப் போவும்."

"பெத்த பொண்ணயே யாருன்னு கேக்கறாரு, ஒண்ணுமில்லங்கிறியே! ஒனக்கு இன்னாம்மா ஆச்சி?"

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்ரி அவசரப்படவில்லை. என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டாள். மாத்திரைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை வந்ததும் சவரிமேரியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ரத்தத்துல சோடியம் நூத்திப் பன்னெண்டுதான் இருக்கும்மா. நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். உப்பு சுத்தமா இல்ல, நீர் மாத்திர வேற, தண்ணியும் ஜாஸ்தி. வயசானவங்க ஒடம்பு தாங்காது. புத்தி கலங்கறது, இல்லாத ஆளுங்கள்லாம் தெரியறது, எல்லாம் அதனாலதான்."

"டாக்டர்தான் கொறைக்கச் சொன்னாரு."

"கொறைக்கறது வேற, நிறுத்தறது வேறம்மா. பரவால்ல, சரி பண்ணிடலாம். அந்த மாத்திரய நிறுத்திட்டு ட்ரிப்ஸ்ல உப்பு ஏத்தறோம். மெதுவாத்தான் ஏத்தணும், வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்து. ஏத்தாம வுட்டா ஃபிட்ஸ் வரும், ஆளே போயிடுவாரு."

சவரிமேரி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அவரு பாக்கறது?"

"போயிடும்மா. உப்பு ஏற ஏறப் போயிடும்."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில், வாதம் வந்து படுத்திருந்த தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இருசம்மாள். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கவலப்படாதக்கா. எங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்கும்போதே ஒளறுவாரு. உங்களுது எவ்வளவோ தேவல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உப்பு போட்ட சோத்தப் பேய் தொடாதும்பாங்க. எல்லாம் ஓடிடும், பாரு."

"பேயில்ல," என்றாள் சவரிமேரி.

ட்ரிப்ஸ் சொட்டியது. முதல் நாள் லூயிஸ் கட்டில் ஓரத்திலேயே நின்றான். சகாயநாதன் அவனுக்கு இடம்விட்டு ஒதுங்கிப் படுத்தார். மறுநாள் காலை அவர் கண்கள் கால்மாட்டுக்குப் போயின. சற்று நேரத்தில் அதையும் தாண்டி வார்டு வாசலுக்கு.

"அவன் ஏன் அங்கயே நிக்கிறான்? கிட்ட வரச் சொல்லு மேரி."

அவள் வாசலைப் பார்த்தாள். நர்சு ஒருத்தி உள்ளே வந்தாள், அவன் நிற்கிற இடத்தின் வழியாகவே. ஒவ்வொரு சொட்டும் தன் பிள்ளையை ஓரடி வெளியே தள்ளுகிறது என்று தோன்றியது. கடல் ஒரு தடவை கொண்டுபோனது. இப்போது அந்தப் பாட்டிலில் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான்.

மத்தியானம் பெலிசியா சாப்பாடு வாங்கப் போனாள். இருசம்மாள் சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தாள். வெளியே மழை. சவரிமேரி எழுந்து, ட்ரிப்ஸ் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் கீழே உருட்டினாள்.

சொட்டு நின்றது.

பக்கத்தில் குனிந்து கேட்டாள்: "லூயிஸ் எங்க இருக்கான்னு கேளுங்க. இன்னிக்கே சொல்லச் சொல்லுங்க."

சகாயநாதன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அவருடைய கண்கள் வாசலிலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தன. ஆள் நடந்து வருகிற வேகத்தில் வந்தன. முதல் கட்டில், இரண்டாவது கட்டில், இருசம்மாளுடைய புருஷனின் கால்மாடு. கடைசியில் சவரிமேரியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றுவிட்டன. அவள் திரும்பவில்லை. கழுத்தில் மயிர்க்கால்கள் குத்திட்டன.

"வந்துட்டான்," என்றார்.

"கேளுங்க."

தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆழமாம். வெளிச்சமே இல்லியாம். தனியா இருக்கானாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்ன ஒண்ணு கேக்கறான் மேரி."

"என்னவாம்?"

"அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போவட்டுமான்னு கேக்கறான்." அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு. போர்வையை விலக்கி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "புள்ள தனியா இருக்கான். நான் போவட்டுமா?"

பதினோரு வருடமாக அவனுக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தவள் அவள். இப்போது அவன் கேட்கிறான். கொடுக்கவும் அவளால் முடியும். விரல் அந்தச் சக்கரத்தின் மேல்தான் இருந்தது. எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும்.

தரையில் ஊன்றிய காலைப் பார்த்தாள். பாதத்தின் பக்கவாட்டில், பழைய நாள்களில் கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன தழும்பு.

"வேணாம்ப்பா," என்றாள், திரும்பாமலே. குரல் அவளுடையதாக இல்லை. "அவர வுட்டுடு. அம்மா சொல்றேன். நீ போ."

சக்கரத்தை மேலே தள்ளினாள். முதல் சொட்டு விழ ஒரு யுகம் ஆனது. விழுந்தது. அவர் கண்கள் அவள் தோளைவிட்டு நகர்ந்தன. வந்த வழியே, கட்டில் கட்டிலாக, வாசல்வரை போயின. அங்கே நின்றன.

"திரும்பிப் பாக்கறான்," என்றார்.

அவள் பார்க்கவில்லை. அவருடைய காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் போர்த்திவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் காயத்ரி அவரிடம் ஊரைக் கேட்டாள், கிழமையைக் கேட்டாள். சரியாகச் சொன்னார்.

"உங்க பேரு?"

"ஏம்மா, பேரு எழுதின சீட்டு தொலஞ்சிபோச்சா?"

இருசம்மாள் உரக்கச் சிரித்தாள். பெலிசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாராவது வந்து நிக்கிற மாதிரி தெரியுதா இப்ப?"

"யாரு வருவாங்க? பொண்ணு இருக்குது, இவ இருக்கறா. வேற யாரு எனக்கு?"

டாக்டர் சவரிமேரியின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். இனி அளவாக உப்புப் போடலாம், தண்ணீரும் அளவோடு, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பெலிசியா போனில் குறித்துக்கொண்டாள்.

சவரிமேரி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கேட்டவன் யார், மறுத்தவள் யார் என்று தெரிந்தவள் இனி அவள் ஒருத்திதான்.

"இன்னா மேரி, ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

போர்வைக்குள் கையை விட்டு அவருடைய பாதத்தைப் பிடித்தாள். சூடாக இருந்தது. விடவே இல்லை.