ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர்

சக்கரம் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித குலம் இரண்டே கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. எங்கே போகிறோம் என்பது ஒன்று. எத்தனை சிலிண்டரில் போகிறோம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை ஞானிகள் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவதற்கு, அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை, டர்போ இருந்தார். அவர் வீட்டில் நின்றது ஏழு பேர் உட்காரும் ஆட்டோமேட்டிக் வண்டி. அதை மனைவி ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் திருத்தினார்.

டர்போ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் அவர் மேலாளர். மூன்று பெண்கள் உள்ள வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, சூடு ஏறிவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது. இதைக் கவனித்து, இஞ்சினுக்குக் காற்றை ஊதித் தாமதமாக வேகம் கூட்டும் கருவியின் அந்தப் பெயரைச் சூட்டியவர் சகலை, மருந்துக்கடை வைத்திருக்கும் நடு மாப்பிள்ளை. மூத்தவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், டர்போ வைத்த இஞ்சின் டர்போவுக்கு ஆகாது.

ஒரு நாள் கடைசி மச்சினி, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாள். இரண்டே சீட்டு வண்டியில் இன்னொரு சீட்டு யாருக்கு என்று அம்மா ஒரு நப்பாசையோடு கேட்டாள். கைப்பைக்கு என்றாள் மச்சினி.

அவள் ஆசைப்பட்ட மாடலில் உடம்பு ஒன்று, உயிர் இரண்டு. ஒன்று டர்போ வைத்த நாலு சிலிண்டர். இன்னொன்று டர்போ இல்லாத பெரிய ஆறு. சகலை நாலின் பக்கம் சாய்ந்தார்: ஆட்டோமேட்டிக் கியர், கண்ணாடிக் கூரை, ஷோரூமில் ஒரு வருட உத்தரவாதம். டர்போவுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார் வேஷம் போட்ட சோபா. ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், வழுக்கினாலும் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் டிஃபரன்ஷியல், இவை மூன்றும் இல்லாத வண்டியின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். கண்ணாடிக் கூரை என்பது தலையில் ஏற்றிய அம்மிக்கல். இப்படியே நல்ல வண்டிகளாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். ஒன்றைச் சக்கரம் பெரிதென்று ஒதுக்கினார். இன்னொன்றின் குற்றம், இருக்கை மின்சாரத்தில் நகர்ந்தது.

கடைசியில் அவர் கேட்ட மூன்றும் உள்ள வண்டி ஒன்று அகப்பட்டது. மச்சினி அப்போது தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க அத்தான். சரின்னா அங்கயே வாங்கிடறேன். இல்லன்னா சின்ன அத்தான் சொன்னதை எடுத்துக்கறேன். இன்னும் பாத்துட்டே இருக்க எனக்கு லீவு இல்ல."

அந்த வீட்டில் பிள்ளைகளின் காய்ச்சல் முதல் மாமனாரின் முழங்கால் வரை எல்லாம் சகலையின் பேச்சுக்கு அடங்கிப் பல காலம் ஆகிவிட்டது. மூத்தவருக்கு மிஞ்சியிருந்தது வண்டி ஒன்றுதான். அதுவும் கைவிட்டுப் போனால் அவர் வெறும் மூத்தவர்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற நீதிபதி. வீடு ஒரு மேட்டுச் சாலையில் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று, வந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் பார்ப்பது போலப் பார்த்தார். பதினொரு மணிக்கு ஒரு பல் டாக்டர் வருவதாகவும், யார் முதலில் சம்மதம் சொல்கிறார்களோ அவர்களுக்கே வண்டி என்றும் அறிவித்தார்.

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. நாலு பேரையும் தள்ளுபடி பண்ணிட்டேன். வண்டி தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பேன்."

"அதுக்குத்தான் சார் நான் வந்திருக்கேன்" என்றார் டர்போ.

சரிவான வாசலில் வண்டி நின்றது. கருநீலம், தாழ்வு, பாயப் பதுங்கிய உடம்பு. டர்போ முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. வாங்க வருகிறவனுக்கு முன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்தால் அதன் இருமலை மறைத்துவிடலாம்; இவர் மறைக்கவில்லை. பிறகு புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவிக் கைக்குட்டையில் துடைத்தார். புகைக்கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை; இஞ்சின் எண்ணெய் குடிக்கவில்லை. மச்சினி இதையெல்லாம், நோயாளியின் மூச்சை எண்ணுகிறவள் போலச் சத்தமில்லாமல் கவனித்தாள். நீதிபதியே கொஞ்சம் இளகிவிட்டார்.

"இந்த வண்டிக்கு ஒண்ணு ரெண்டு பழக்கம் இருக்கு. சொல்லிடறேன்."

"வேண்டாம் சார். பத்து வருஷமா இந்த மாடலைத்தான் படிச்சிட்டிருக்கேன்."

"படிக்கறது வேற, ஓட்டறது வேற."

"இஞ்சின்கிட்ட கேட்டா அதுவே சொல்லும் சார்."

கேட்க வேண்டாம் என்று கட்சிக்காரரே சொன்ன பிறகு சாட்சிக்கு என்ன வேலை? நீதிபதி சாவியை நீட்டினார்.

இருக்கையில் இறங்குவது கிணற்றில் இறங்குவது போலிருந்தது. மச்சினி பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுக்கும் இருக்கைக்கும் இடையில் தரையோடு தரையாக ஒரு கம்பி படுத்திருந்தது. இருக்கையை நகர்த்துகிற கம்பி போலிருக்கிறது என்று டர்போ அதைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினார். ஆறும் ஒரே குரலில் எழுந்தன. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

"சத்தம் நல்லாருக்கு அத்தான்" என்றாள் மச்சினி. அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பெரிய இஞ்சினின் கிளட்ச் இப்படித்தான், ஆளைச் சோதிக்கும் என்று விளக்கினார். வாசலில் நீதிபதி கையைப் பின்னால் கட்டியபடி நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. மூன்றாம் முறை ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தார். வண்டி உறுமிக்கொண்டே சாலையில் இறங்கி, மேட்டைப் பார்த்து நகர்ந்தது.

நகர்ந்தது என்பதுதான் சரியான சொல். எம்பிப் பாய வேண்டியது, நனைந்த பஞ்சு மூட்டையைச் சுமந்த கழுதை மாதிரி ஏறியது. இரண்டாவது கியர் போட்டார், முனகியது. மூன்றாவதற்கு மாற்றினார், உதறியது. சத்தம் மட்டும் குறையவே இல்லை. பின்னால் வந்த பால் வேன் ஒன்று ஹாரன் கூட அடிக்காமல், போனால் போகிறது என்பது போல அவர்களை முந்திப் போனது.

மச்சினி வேனையே பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"ஏதோ கருகுற வாசனை வருதே?"

"கிளட்ச்" என்றார் டர்போ.

இது சரியில்லை என்றால் மூன்று மாதமாக அவர் ஓதிய மந்திரம் சரியில்லை. ஆறின் பெருமை, கையால் மாற்றும் கியரின் கம்பீரம், எல்லாம் ஒரு பால் வேனிடம் தோற்றுவிட்டன. இன்று மாலையே சகலை ஷோரூமுக்கு அவளை அழைத்துப் போவார். கேலி கூடச் செய்ய மாட்டார். "பரவால்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று மாத்திரை எழுதிக் கொடுப்பது போலச் சொல்வார். அதைத்தான் தாங்க முடியாது. வாய்மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் நாளை இதே வண்டி நடுரோட்டில் நின்றால்?

முட்கள் ஆடும் வட்டங்களுக்கு நடுவே, ஓட்டுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற குழிவில், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. டர்போ அதைப் பார்த்தார். ஆகா, ஏதோ மூடி மறைக்கிறார்கள். அதை வெளியே சொல்லாமல் துருப்புச் சீட்டாக மடியில் கட்டிக்கொண்டார். திரும்பி வரும் வழியில்தான் மூன்றாவது வழி ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆறு சிலிண்டர் தோற்கவில்லை. ஆறு சிலிண்டர் தோற்க முடியாது. ஆகவே இது ஆறு சிலிண்டரே இல்லை.

வண்டியை வாசலில் ஏற்றி, கியரிலேயே விட்டுவிட்டு இறங்கினார். விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ படித்திருந்தார்.

"சார், இந்த வண்டியோட இஞ்சினை மாத்தியிருக்காங்க. உள்ள இருக்கறது நாலு."

நீதிபதி முதலில் கேட்டது சரிதானா என்று யோசிப்பது போல நின்றார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"முப்பது வருஷம் பெஞ்சுல உக்காந்தவன் நான். என் வாசல்லயே நின்னு என்னை ஏமாத்துக்காரன்னு சொல்றீங்க."

உங்களைச் சொல்லவில்லை, உங்களுக்கு விற்றவனைச் சொல்கிறேன் என்று டர்போ சமாளித்தார். புதிதாகவே வாங்கியவன் நான் என்றார் நீதிபதி. அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். ஒரு சண்டையின் நடுவில் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும், பார்க்காதவர் மாதிரி வாசல் செடிகளை ரசிக்க ஆரம்பித்தார். நீதிபதி பானெட்டைத் திறந்து, கருப்பு மூடியைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் இருந்த காயில்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தீர்ப்பு வாசிக்கும் குரலில் எண்ணினார். ஆறு. மச்சினியும் உதடசைத்து எண்ணியிருந்தாள்.

"ஆறு இருக்கு" என்று டர்போ ஒப்புக்கொண்டார். "ஆறும் வேலை செய்யுதான்னுதான் கேள்வி."

சூடு ஏறிவிட்டது, இனி அவரைப் பிடிக்க முடியாது. இரண்டு சிலிண்டர் செத்துவிட்டது, கிளட்ச் கருகிவிட்டது, டிஃபரன்ஷியல் இறுகிவிட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நீதிபதி பின்சக்கரத்தின் பக்கம் நடந்தார். குனிந்தார். முகர்ந்து பார்த்தார்.

மச்சினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அத்தான். ஒரே வார்த்தை. சரியா, இல்லையா?"

பல் டாக்டர் கூடச் செடியை விட்டுத் திரும்பினார்.

"இல்ல" என்றார் டர்போ. சொன்ன பிறகுதான், சகலையின் சோபாவுக்குத் தானே வழி திறந்துவிட்டது உறைத்தது. வெறுங்கையோடு போக மனமில்லை. துருப்பை இறக்கினார். "இஞ்சின் நல்லாருக்குன்னா, அந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு சார் எரியுது?"

நீதிபதி நிமிர்ந்தார்.

"எந்த விளக்கு?"

"வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி."

"எப்போலேர்ந்து எரியுது?"

"கிளம்புனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும், ஒரு நிமிஷம் கூட அணையல" என்றார் டர்போ வெற்றியோடு.

நீதிபதியின் கோபம் அடங்கிவிட்டது. அதுதான் டர்போவை முதல்முறையாகப் பயமுறுத்தியது. நீதிபதி சாவிக்குக் கையை நீட்டினார். பல் டாக்டரைப் பார்த்து, "ஏறுங்க" என்றார். உள்ளே உட்கார்ந்ததும் அவர் கை கதவோரம் தாழ்ந்தது. அங்கே படுத்திருந்த கம்பி ஒருமுறை எழுந்து, க்ளக் என்று ஒரு சத்தத்தோடு மறுபடி படுத்தது.

பிறகு ஆறும் சேர்ந்து பேசின. டர்போ கண்ணை மூடித் திறப்பதற்குள் கருநீல வண்டி மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து வந்த ஓசையை அவர் பத்து வருடமாகக் கட்டுரைகளில் படித்திருந்தார்.

அது திரும்பி வந்தபோது பல் டாக்டரின் முடி கலைந்திருந்தது. இருக்கைத் துணியைத் துவைக்கலாம்தானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றதும் கை குலுக்கிவிட்டார்.

நீதிபதி மச்சினியிடம் மட்டும் வந்தார். அவளைத் தனியே அழைத்து ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். டர்போவுக்குக் கேட்ட கடைசி வாக்கியம் இது:

"உனக்குக் குடுத்திருப்பேம்மா. ஆனா ஏமாத்துக்காரன்கிட்ட யாரும் வண்டி வாங்கக் கூடாது."

வீடு திரும்பும்போது மச்சினியே தன் பழைய வண்டியை ஓட்டினாள். முதல் வேலையாகச் சகலையைக் கூப்பிட்டு, அந்த நாலு சிலிண்டர் இன்னும் ஷோரூமில் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. டர்போ ஜன்னல் வழியாகப் பால் வேன்களைத் தேடினார். பிறகு மூத்த அக்காவின் ஃபோன் வந்தது. மச்சினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னாச்சு? வாங்கிட்டீங்களா?"

டர்போ முந்திக்கொண்டார். இஞ்சினில் குறை சொல்ல முடியாது என்றும், பிரச்சினை ஸ்பெசிஃபிகேஷனில்தான் என்றும், சில வருடத்து வண்டிகளில் இப்படி ஒரு வடிவமைப்புக் கோளாறு உண்டு என்றும் விளக்கினார். எதிர்முனையில் மனைவி பொறுமையாகக் கேட்டாள். பல வருடம் பக்கத்தில் அவரை உட்காரவைத்து ஓட்டியவள் அவள்.

"நீ சொல்லுடி" என்றாள் தங்கையிடம்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மச்சினி வண்டியை நிறுத்தினாள்.

"அந்த வண்டில ஹேண்ட் பிரேக் நடுவுல இல்லக்கா, கதவுப் பக்கம் இருக்கு. இழுத்துப் போட்டாலும் கம்பி கீழ படுத்துக்குமாம். போட்டிருக்குன்னு ஒரு சிவப்பு விளக்குதான் சொல்லுமாம்."

"சரி, அதுக்கென்ன?"

டர்போ ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஓட்டியிருந்தார்.