சங்கத்துக் கடை

பீர்க்கன்கரணையில் நூர் பீவியின் மளிகைக் கடை சின்னதாக இருந்தவரைக்கும் பிழைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறில் மகளிர் சங்கத்தில் ஐயாயிரம் கடன் வாங்கிப் பெரிசாக்கினாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

கடனுக்கு ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி தவணை தப்பினால் மற்ற நாலு பேர் கட்டவேண்டும். ஒருத்தி வேண்டாமென்று முறுக்கிக்கொண்டால் அடுத்த கடன் ஐவருக்கும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜாமீன் போட்டவள் வாசலில் பையோடு நின்றால், கடனில்லை போ என்று எந்தக் கடைக்காரி சொல்வாள்?

"இன்னா நூரு, கடை கல்யாண வூடு மாரி கீது. ரெண்டு கிலோ அரிசி போடு, கணக்குல வெச்சுக்கோ" என்று ஆரம்பித்து வைத்தவள் கிளியம்மாள். அவளைப் பார்த்து மற்ற மூவர், அவர்களைப் பார்த்து நாத்தனார்கள். கையில் ரொக்கம் இருந்தால் மட்டும் அத்தனை பேரும் மெயின் ரோட்டுக் கடைக்குப் போனார்கள். பாக்கி வைத்த கடைக்கு ரொக்கத்தோடு போக யாருக்கு மனசு வரும்? விற்பனை இரண்டு மடங்கானது. கல்லாவில் கை விட்டால் பலகைதான் தட்டுப்பட்டது.

தவணை நாளன்று நூர் பீவி கிளியம்மாள் வீட்டுக்கே போனாள்.

"அக்கா, பாக்கில பாதியாவது குடுங்க. சாயங்காலம் கட்டணும்."

"உனுக்குக் குடுத்துட்டா என் தவணைய யாரு கட்றது? உனுக்காவது கடை கீது. எனக்கு இன்னா கீது, ஒரு தையல் மிஷினு, அதுவும் பெடலு ஒடஞ்சது."

"நான் தப்பிட்டா?"

"தப்பிப் பாரேன். நாலு பேரும் உன் வாசல்ல வந்து குந்திக்குவோம். ரூலு நானா போட்டேன்?"

வேறு வழி தண்டல்காரர் சிட்டிபாபுதான். தொள்ளாயிரம் கொடுத்து ஆயிரமாக, தினம் பத்து ரூபாய் வசூலிப்பவர். இவரிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் சங்கத்தில் சேர்ந்ததே.

"வாம்மா. சங்கம் வந்து நம்ம பொழப்பு பூடும்னு பயந்துகினு இருந்தேன். இப்பதான் புரியுது, தவணை நாளுதான் நமக்கு சீசனே. அடகுக்கு ரேஷன் கார்டு கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தாள்.

சாயங்காலக் கூட்டத்தில் கடன் கொடுக்கும் அதிகாரி துளசிங்கம் முகம் மலர்ந்தார். "ஒரு ரூபாய் நிலுவை இல்லை. நூர் பீவி கடையில் சேல்ஸ் டபுள். அடுத்த லோன் ஆளுக்குப் பத்தாயிரம்." பெண்கள் கை தட்டினார்கள்.

"எனக்கு வேணாம் சார்" என்றாள் நூர் பீவி.

கைதட்டல் நின்றது.

"அவ வேணாம்னா எங்களுக்கும் இல்லியா சார்?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

"ரூல் அப்படித்தாம்மா."

கிளியம்மாள் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "பொண்ணு சீருக்கு இந்தக் காசைத்தான் நம்பிக்கினு கீறேன், நூரு. உன் பாக்கியும் இதுலதான் தரணும். வேற எங்க போவேன், சொல்லு."

மற்ற மூவரும் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்கள். வாங்கினால் கடை முழுகும்; வாங்காவிட்டால் பாக்கி முழுகும், கடையும் கூடவே போகும். நூர் பீவி கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் வாங்கினாள். மூடியைக் கழற்ற விரல் வரவில்லை. அதைக் கிளியம்மாளே கழற்றிக் கொடுத்தாள்.