பாய்ப்படகுக்குப் பதினைந்து குதிரை

மகேஷ்குமாருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அச்சங்குளத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் அவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் அவரைவிட ஃபைல்கள்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர், காற்று அடித்தால் நகரும், அடிக்காவிட்டால் நிற்கும் பாய்ப்படகு ஒன்றை வாங்கினார் என்றதும் சாத்தூரில் சிரிக்காதவர்கள் குறைவு.

வாங்கியது மகள் அனுப்பிரியாவுக்காக. தூத்துக்குடியில் பத்து நாள் முகாமில் தங்கிப் பாய் விடப் பழகியவள் அவள். ப்ளஸ் டூ முடித்தாயிற்று, ஜூனில் சென்னை ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். வீட்டில் அப்பாவோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், வேம்பார்க் கடலில் படகேறிவிட்டால் ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சுக்காகவே ஞாயிறுதோறும் படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்.

போன மாதம் நடுக்கடலில் காற்று நின்றுவிட்டது. படகில் இருந்த நாலு குதிரைச் சக்தி மோட்டார், எதிர்நீரோட்டத்தில் முக்கி முனகிக் கரை சேர மூன்று மணி நேரம் ஆனது. அன்றைக்கே அவர் மனைவி கற்பகவல்லி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க போங்க, முங்குங்க, என்னமும் செய்யுங்க. பிள்ளைய இனி அனுப்ப மாட்டேன்."

"பெரிய மோட்டார மாட்டிட்டா பத்து நிமிசத்துல கரை. நான் பத்திரமாக் கூட்டிட்டு வாரேன், போதுமா?"

ஒரே ஒரு தடவைதான் அனுப்புவேன் என்றாள்.

மறுநாளே விருதுநகரில் செய்யது அபுதாஹிரின் பட்டறையில் போய் நின்றார். ஜெனரேட்டர், பம்ப்செட், எதைக் கொடுத்தாலும் ஓடவைக்கிற ஆள். சில வருடம் ராமேஸ்வரத்தில் படகு இன்ஜினும் பார்த்திருக்கிறார்.

"அண்ணாச்சி, மோட்டார் மாட்டுற இந்தப் பின்பலகை அஞ்சு குதிரைக்குச் செஞ்சது. எட்டு போட்டாலே சாஸ்தி."

"பதினஞ்சு போடுங்க பாய்."

"அம்புட்டு எதுக்கு? பின்னால கனம் ஏறுனா முன்மூக்கு தூக்கிரும்."

"பலகையப் பலப்படுத்திருங்க. பெட்ரோல் டேங்கை முன்னால தள்ளி வைங்க."

பின்பலகைக்குத் தேக்கு அண்டை கொடுத்து, உள்ளும் புறமும் அலுமினியத் தகடு வைத்து முடுக்கினார்கள். மூன்று நாளும் மகேஷ்குமார் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்துப் பட்டறையைப் பாடாய்ப் படுத்தினார். அனுப்பும்போது அபுதாஹிர் சொன்னார், "ஓடும்போது மோட்டார் பக்கவாட்டுல தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். அது நின்னா சூடாயிருச்சுன்னு அர்த்தம். உடனே ஆஃப் பண்ணிருங்க, அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. அனுப்பிரியாவே வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அப்பா, பாய் ஏத்துவமா?" என்றாள். "கொஞ்சம் இரு," என்று இன்னும் முறுக்கினார். மறுபடி கேட்டாள். மறுபடி இரு என்றார். பாசி மண்டிய ஆழமில்லாத இடத்தில் படகு ஏறியதையோ, பீச்சிய தண்ணீர் நின்றதையோ அவர் கவனிக்கவில்லை.

மோட்டாரிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம், கூடவே குப்பென்று வெள்ளைப் புகை. அடுத்த நொடி மகேஷ்குமார் தண்ணீருக்குள் கிடந்தார்.

எப்போது எழுந்தார், எப்போது குதித்தார் என்று அவருக்கே தெரியாது. இருபத்தைந்து வருடம் பட்டாசு மருந்து கலக்கும் அறைகளில் பழகிய உடம்பு அது. உஸ்ஸென்று கேட்டால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுக் கிட்ட இருக்கும் வாசல் வழியாக ஓட வேண்டும். யார் பேரையும் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் தயங்கினால் பின்னால் வருகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே நின்று சொல்லிக் கொடுப்பது இது. அப்படி ஓடிப் பிழைத்தவர்கள் அச்சங்குளத்தில் உண்டு.

லைஃப் ஜாக்கெட் அவரை மேலே தூக்கிய பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது. படகு ஐம்பது அடி தள்ளிப் போயிருந்தது. அனுப்பிரியா மோட்டாரின் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, அவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு பாயை ஏற்றிப் படகைத் திருப்பிக் கொண்டுவந்து கை நீட்டினாள்.

"ஆவிதாம்ப்பா. பாசி அடச்சிருக்கு."

கரைக்கு ஒன்றரை மணி நேரம். காற்று நன்றாகவே இருந்தது. கரை நெருங்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மாட்ட சொல்ல மாட்டேன்ப்பா."

ஏன் குதிச்சீங்க என்று கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும். இதற்கு அழுகைதான் வந்தது.

வண்டியில் விட்டுப்போன போன் அடித்துக்கொண்டிருந்தது. கற்பகவல்லிதான்.

"பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டீகளா?"

அனுப்பிரியா பாயைச் சுருட்டுவதை நிறுத்தி, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"இல்ல கற்பகம். அவதான் என்னயக் கூட்டிட்டு வந்தா. நான் அவள விட்டுட்டுக் குதிச்சிட்டேன்."

கற்பகவல்லி, "போனை அவகிட்ட குடுங்க," என்றாள்.